சின்ன லேப்டாப்பில் மட்டும் வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது, போனில் ஒழுங்காக வருகிறது. ரௌட்டரை மாற்றுவதா, லேப்டாப்பை மாற்றுவதா?

தயவுசெய்து இப்போதைக்கு இரண்டையும் மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் (11.6 அங்குல லேப்டாப், சிக்னல் கோடு முழுதாகக் காட்டுகிறது, ஆனால் நெட் விட்டு விட்டு வருகிறது, ஆன்லைன் வகுப்பு நடுவில் உறைந்து நிற்கிறது, அதே அறையில் போனில் தொந்தரவே இல்லை, கடையில் ரௌட்டரை மாற்றச் சொல்கிறார்கள்) காசு செலவில்லாமலே சரியாக நிறைய வாய்ப்பு இருக்கிறது. இந்த அளவு லேப்டாப்களை வீட்டிலும் சொந்தக்காரர்களுக்கும் நிறையப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். எப்போது அறுகிறது என்று கவனித்தாலே போதும், காரணம் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும்.

முதலில் போன் விஷயம். போனில் நன்றாக வருகிறது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வைஃபை தடுமாறினால் இப்போதைய போன்கள் பலவும் நம்மைக் கேட்காமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, லேப்டாப் இருக்கும் அதே மேஜையில் போனை வைத்து அரை மணி நேரம் வீடியோ ஓட்டிப் பாருங்கள். போனும் திணறினால் கோளாறு ரௌட்டர் பக்கமோ லைன் பக்கமோதான்.

அடுத்தது எந்த இடத்தில் அறுகிறது என்று பார்ப்பது. விண்டோஸ் என்றால் கமாண்ட் ப்ராம்ப்டை இரண்டு சாளரமாகத் திறந்துகொள்ளுங்கள். ஐபிகான்ஃபிக் (ஆங்கிலத்தில் ipconfig) என்று அடித்தால் டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் ரௌட்டரின் முகவரி வரும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஒரு சாளரத்தில் அந்த முகவரிக்குப் பிங் போடுங்கள் (ஆங்கிலத்தில் ping, ஓர் இடைவெளி, பிறகு முகவரி; பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று காட்டும்), இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்கு. கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, ஹைஃபனும் டி எழுத்தும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியே ஓடவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நெட் போகும் நேரத்தில் ரௌட்டருக்குப் போகும் பிங் 2, 3 மில்லிசெகண்ட் என்று அசையாமல் இருந்து, 8.8.8.8 மட்டும் நின்றுபோனால் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம், லைன்காரரைக் கூப்பிடுங்கள். ரௌட்டருக்கே 3, 4, 600, 1200, அப்புறம் ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று குதித்தால், லேப்டாப்புக்கும் ரௌட்டருக்கும் நடுவில்தான் கோளாறு. இரண்டு பிங்கும் நன்றாக ஓடி பிரவுசரில் மட்டும் தளங்கள் திறக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) பிரச்சினை, வைஃபை அமைப்பில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 என்றோ 8.8.8.8 என்றோ மாற்றிப் பாருங்கள். ரௌட்டரை மாற்றச் சொல்கிறவர்கள் யாரும் இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்துவிட்டுச் சொல்வதில்லை, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். மக்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புது ரௌட்டர் வாங்கி மாட்டுகிறார்கள், பழைய தொந்தரவு அப்படியே இருக்கிறது.

நடுவில்தான் கோளாறு என்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சின்ன லேப்டாப்பில் மட்டும் ஏன்? விலையைக் குறைக்க உள்ளே போடும் வைஃபை அட்டை பல மாடல்களில் ஒரே ஆன்டெனாவில் ஓடுவது, அதே ஆன்டெனாவைத்தான் ப்ளூடூத்தும் பங்குபோட்டுக்கொள்கிறது. வைஃபையின் விவரப் பக்கத்தில் லிங்க் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் (வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்று) எப்போது பார்த்தாலும் 72 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை என்றால் அநேகமாக உங்களுடையதும் அந்த வகைதான். இரண்டு ஆன்டெனா உள்ள போனுக்கு ஒரு பக்கம் சிக்னல் சரிந்தாலும் இன்னொரு பக்கம் கைகொடுக்கும். இங்கே அந்த வசதி கிடையாது, அதனால் சின்னத் தொந்தரவும் நேராகத் தாக்குகிறது.

சார்ஜர் மாட்டியிருக்கும்போது ஒழுங்காக இருந்து, கழற்றியதும் அறுகிறதா? அப்படியென்றால் பவர் சேவிங். ரௌட்டர் நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை ‘நான் இருக்கிறேன், உனக்குத் தகவல் இருக்கிறது’ என்று ஒரு குறிப்பு அனுப்பும். பேட்டரியை மிச்சப்படுத்த அட்டை நடுவில் தூங்கி, அந்தக் குறிப்பு வரும் நேரத்துக்கு மட்டும் விழிக்கும். டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) சரியாக எழுதப்படவில்லை என்றால் விழிக்க வேண்டிய நேரத்தைத் தவறவிடும், பிங் தாறுமாறாகக் குதிக்கும். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழே உங்கள் வைஃபை அட்டையைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சாரத்தை மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்றிருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் வயர்லெஸ் அடாப்டர் அமைப்பு இருந்தால், பேட்டரிக்கும் சேர்த்து மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ் என்று வையுங்கள். புதிய மாடல்கள் சிலவற்றில் இந்தப் பகுதிகளே இருக்காது, அப்போது லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை இறக்கிப் போடுவதுதான் வழி. உபுண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் 3 என்றிருக்கும், அதை 2 ஆக்கினால் தூக்கம் நின்றுவிடும்.

தூங்க வைத்து எழுப்பிய பிறகு மட்டும் வைஃபை காணாமல் போகிறது என்றால், ஷட்டவுன் செய்து திறப்பதற்குப் பதிலாக ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை, டிரைவரின் பழைய நிலையை வட்டில் எழுதிவைத்துக்கொண்டு அதையே திரும்ப எடுக்கும். ரீஸ்டார்ட்தான் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதில் சரியானால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடலாம்.

இப்போது பலரும் சந்தேகப்படவே மாட்டாத ஒன்று: நீல நிற யூஎஸ்பி துளை. எனக்குத் தெரிந்த டியூஷன் ஆசிரியர் ஒருவர், பாட வீடியோக்களை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்கும்போதெல்லாம் வைஃபை செத்துவிடுகிறது என்று வைரஸ் தேடிக்கொண்டிருந்தார். யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் தகவலை அனுப்பும்போது அதன் கேபிளிலிருந்தும் முனையிலிருந்தும் கசியும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டை முழுவதும் பரவுகிறது. இது ஊகம் இல்லை, 2012-இல் இன்டெல் நிறுவனமே அளந்து அறிக்கையாக வெளியிட்ட விஷயம். பெரிய லேப்டாப்பில் துளைக்கும் ஆன்டெனாவுக்கும் கொஞ்சம் தூரம் இருக்கும், 11 அங்குலத்தில் எல்லாமே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறது. கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. வயர்லெஸ் மவுஸ் இருந்தால், வைஃபை அறும் அதே நேரத்தில் மவுஸும் இழுத்து இழுத்து நகரும், ஏனென்றால் அதுவும் அதே பட்டையில்தான் ஓடுகிறது. ஹார்ட் டிஸ்க்கைக் கறுப்பு நிற யூஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றுங்கள், வேகம் குறையும், ஆனால் இரைச்சல் போய்விடும். வேகமும் வேண்டும் என்றால் நல்ல கவசம் உள்ள குட்டைக் கேபிள் வாங்கி, டிஸ்க்கைத் திரைக்குப் பின்னால் வைக்காமல் முன்பக்கமாகத் தள்ளி வைத்துப் பாருங்கள். அவருக்குக் கறுப்புத் துளையே போதுமானதாக இருந்தது.

ப்ளூடூத் ஹெட்செட்டும் இதே கதைதான். ஒரே ஆன்டெனா, ஒரே பட்டை, வகுப்பில் குரலும் படமும் ஒன்றாகப் போகும்போது இரண்டும் நேரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு வகுப்புக்கு மட்டும் ஒயர் உள்ள இயர்போன் போட்டு ப்ளூடூத்தை அணைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

சாயங்காலத்துக்கு மேல்தான் மோசமாகிறது, பகலில் பரவாயில்லை என்றால் அக்கம்பக்கத்து வைஃபை காரணம். அபார்ட்மென்ட்டில் இது ரொம்ப சகஜம். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் நமக்கு 1 முதல் 13 வரை சேனல்கள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு ரௌட்டர் எடுத்துக்கொள்வது 20-க்கு மேல்கூட. ஆக ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வழக்கமாக எடுப்பது 1, 6, 11 என்ற மூன்றைத்தான். யாரும் இல்லையே என்று 3-இல் போய் உட்காராதீர்கள். ஒரே சேனலில் இருப்பவை ஒன்றையொன்று கேட்டு முறைவைத்துப் பேசும், பாதி மட்டும் மேலே விழும் சேனலில் இருப்பவைக்கு நீங்கள் வெறும் இரைச்சல். போனில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போட்டு, மூன்றில் எதில் கூட்டம் குறைவு என்று பார்த்து ரௌட்டரில் அதை நிலையாக வையுங்கள், சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். 12, 13 வேண்டாம், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சில லேப்டாப்களுக்கு அந்த இரண்டு சேனலும் கண்ணிலேயே படாது. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 ஜிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது, சாப்பாடு சூடுபண்ணும் நேரத்தில் அறுகிறதா என்றும் பாருங்கள்.

லேப்டாப் 5 ஜிகாஹெர்ட்ஸை எடுக்கும் என்றால் இந்த நெரிசல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கமாண்ட் ப்ராம்ப்டில் நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ் (ஆங்கிலத்தில் netsh wlan show drivers) என்று அடித்தால் அட்டை எந்தெந்த வகையைத் தாங்கும் என்று காட்டும். 802.11 என்பதற்குப் பின்னால் ஏ அல்லது ஏசி இருந்தால் 5 உண்டு, பி, ஜி, என் மட்டும் என்றால் அநேகமாக இல்லை. இருந்தால் ரௌட்டரில் இரண்டு பட்டைக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, லேப்டாப்பை 5-இல் மட்டும் சேருங்கள். ஒரே பெயர் வைத்தால் இங்கும் அங்கும் மாறிக்கொண்டிருக்கும், அந்த மாறுதலே அறுதலாகத் தெரியும். ஆனால் 5 ஜிகாஹெர்ட்ஸ் நம் 9 அங்குலச் செங்கல் சுவரை இரண்டு தாண்டினாலே களைத்துவிடும். இன்னொன்று, ரௌட்டரைப் பீரோவுக்குப் பின்னாலோ பரண் மூலையிலோ வைத்திருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள்.

கடைசியாக, உள்ளே இருக்கும் ஆன்டெனாக் கம்பி. என் சித்தி மகளுடைய லேப்டாப்பில் காலை வகுப்பில் மட்டும் அறும், இரவு படம் பார்க்கும்போது அறாது. சேனல், டிரைவர் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் தெரிந்தது, வகுப்பில் கேமராவுக்கு முகம் தெரிய வேண்டும் என்று திரையை நன்றாகப் பின்னால் சாய்க்கிறாள். நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ் (netsh wlan show interfaces) கொடுத்துப் பார்த்தால், திரை நிமிர்ந்திருக்கும்போது சிக்னல் 85 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது, சாய்த்ததும் 30-க்கு இறங்குகிறது. நிறைய லேப்டாப்களில் ஆன்டெனா திரையின் மேல் விளிம்பில் இருக்கும், அதிலிருந்து மெல்லிய கம்பி கீல் வழியாக இறங்கி அட்டைக்கு வரும். வருடக்கணக்கில் திறந்து மூடியதில் கீலுக்குள் அந்தக் கம்பியின் வெளிப்பின்னல் நசுங்கிப் போயிருந்தது. சர்வீஸ் கடையில் கம்பியை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள், அதற்கப்புறம் எந்தக் கோணத்திலும் அறுந்ததில்லை.

நீங்களே அடிமூடியைத் திறப்பதாக இருந்தால் பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். வைஃபை அட்டை தபால்தலை அளவுதான் இருக்கும், அதன் ஓரத்தில் தங்க நிறத்தில் ஒன்றோ இரண்டோ பொட்டு, அவற்றின் மேல் கறுப்பு, வெள்ளைக் கம்பிகள். கம்பி நழுவியிருந்தால் பொட்டுக்கு நேர் மேலே வைத்து, சாய்க்காமல் நகத்தால் அழுத்துங்கள், ‘டிக்’ என்று உட்காரும். இழுத்து இழுத்துப் பார்க்காதீர்கள், அந்த முனைகள் ஏறத்தாழ 30 முறை கழற்றி மாட்டும் அளவுக்குத்தான் செய்யப்படுகின்றன. இரண்டு பொட்டு இருந்து ஒரே கம்பி வந்தால், அது சரியான பொட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ரியல்டெக் 8723 வகை அட்டைகளில் லினக்ஸ் டிரைவர் கம்பி இல்லாத பொட்டைத் தேர்ந்தெடுத்துவிடுவது பலருக்கும் தெரிந்த சிக்கல், ரௌட்டர் பக்கத்திலேயே இருந்தாலும் சிக்னல் வராது. டிரைவரின் ஆன்டெனா அமைப்பில் 1 அல்லது 2 என்று மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

அட்டையே கெட்டுப்போயிருந்தால் மாற்றலாம், போர்டிலேயே ஒட்டிய மாடலாக இல்லாமல் இருந்தால். இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 மாதிரி அட்டைகள் குறிப்பிட்ட சில இன்டெல் போர்டுகளில் மட்டும்தான் ஓடும், ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் வைஃபை அட்டைக்கான எம்.2 துளை உள்ள பெரும்பாலானவற்றில் ஓடும், கடையில் எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். சில கம்பெனிகள் தங்கள் பட்டியலில் இல்லாத அட்டையைப் போட்டால் லேப்டாப்பைத் திறக்கவே விடாது, அதையும் உங்கள் மாடலுக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டிய மாடல் என்றால் 5 ஜிகாஹெர்ட்ஸ் உள்ள யூஎஸ்பி வைஃபை டாங்கிள் போதும். நகம் அளவு உள்ளதை வாங்காமல் ஆன்டெனா வெளியே நீட்டிக்கொண்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், நீலத் துளையில் நேராகச் செருகாமல் ஒரு சின்ன நீட்டிப்புக் கேபிளில் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.