வாசகர் கேள்வி: மணமேடையில் அப்பாவின் நினைவு

கேள்வி: அப்பா காலமாகி இரண்டு வருடமாகிறது. தங்கை கல்யாணத்தில் அவரை எப்படி நினைவுகூர்வது? தாரை வார்ப்பது யார்?

பதில்: அப்பாவுக்கான படையலைப் பந்தக்கால் நடுவதற்கு முன்பே வீட்டில் முடித்துவிடுங்கள். காப்புக் கட்டியபின் பல குடும்பங்களில் இதைச் செய்வதில்லை. தலைவாழை இலையில் அவருக்குப் பிடித்த பதார்த்தங்கள், பக்கத்தில் புது வேட்டி, துண்டு. அந்த வேட்டியைப் பிறகு நீங்களே கட்டிக்கொள்ளலாம்.

தாரை வார்க்கப் பெரியப்பா அல்லது சித்தப்பா தம்பதியை அழைப்பது வழக்கம். அம்மாவே செய்வதும் இப்போது உண்டு. எங்களுக்கு அதுவே சரியெனப் படுகிறது. யாரென்று ஒரு வாரம் முன்பே புரோகிதரிடம் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் மேடையில்தான் மனஸ்தாபம் வெடிக்கும்! கன்னிகாதானத்தில் கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா பெயர்களைச் சொல்வார்கள். மூன்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள்.

அப்பாவின் படத்தை ஹோமகுண்டத்தருகே வைக்க வேண்டாம், புகை படியும். மேடையோரம் உறுதியான முக்காலியில், கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் சட்டத்தில் வையுங்கள். ஈரமான மாலை சட்டத்துக்குள் நீர் கசியவிடும், உதறிப் போடுங்கள். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்கு முன் ‘அமரர்’ போதும்.