தார் பாலைவன மணல்மேடுகளைப் படமெடுக்க: கேள்வி பதில்

கேள்வி: சார், ஜெய்சால்மர் பக்கம் சாம் மணல்மேட்டில் எடுத்த படங்கள் எல்லாம் வெறும் மஞ்சள் பரப்பாகத் தட்டையாக இருக்கின்றன. லென்ஸ் மாற்றணுமா?

பதில்: லென்ஸ் பாவம், அதை விடுங்கள். வெயில் ஏறிய பிறகு எடுத்திருப்பீர்கள். மணலுக்கு உருவம் தருவது நிழல்தான். சூரியன் உச்சிக்குப் போனால் மேடு பள்ளம் எல்லாம் ஒன்றாகிவிடும். ஜெய்சால்மர் நாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. டிசம்பரில் சூரியன் உதிக்கவே 7.15-ஐத் தாண்டிவிடும். உதித்தபின் முதல் முக்கால் மணி நேரத்தை விடாதீர்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். அப்போதுதான் மணல் வரிகளில் ஒருபுறம் ஒளியும் மறுபுறம் இருளும் விழும். காற்று வரும் பக்கம் சரிவு சாய்வாக இருக்கும். மறுபக்கம் 30 டிகிரிக்கு மேல் செங்குத்து. அந்தச் செங்குத்துப் பக்கம் நிழலில் இருக்கும்போது எடுத்தால் முகடு கூர்மையான கோடாக நிற்கும்.

கேள்வி: அண்ணா, எனக்கு மணல் அழுக்குச் சாம்பலாக வருதே?

பதில்: வெளிர் மணலைப் பார்த்ததும் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, +2/3 முதல் +1 வரை ஏற்றுங்கள். ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) சிவப்பைத் தனியாகப் பாருங்கள். மாலை வெயிலில் அளவு மீறி, முதலில் விவரம் இழப்பது அதுதான். ஒயிட் பேலன்ஸ், அதாவது ஒளியின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு, ஆட்டோவில் இருந்தால் பொன்னிறத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். அதை 5,200 கெல்வினில் நிறுத்தி, RAW கோப்பாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுங்கள்.

கேள்வி: எங்கே பார்த்தாலும் காலடித் தடம். போட்டோஷாப்பில் அழிக்கலாமா?

பதில்: அழித்த இடத்தில் வரிகள் அறுந்து காட்டிக்கொடுக்கும். மாலையில் சாமில் ஒட்டகமும் ஜீப்பும்தான். இரவுக் காற்று தடங்களை ஓரளவு மூடியபின் விடியலில் போங்கள். முதலில் தூரத்திலிருந்து எடுத்துவிட்டு, பிறகு மேட்டில் கால் வையுங்கள்.

கேள்வி: டிரைபாட் கால்கள் நறநறவென்று சத்தம் போடுகின்றன, சார்.

பதில்: கால்களை நீட்டி இறுக்கும் பூட்டுக்குள் மணல் போய்விட்டது. கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, கிரீஸ் போடுங்கள். இனிமேல் டிரைபாட் காலின் அடித் துண்டை முதலில் ஒரு சாண் இழுத்துவிட்டுத் தரையில் ஊன்றுங்கள். பூட்டு மணலுக்கு மேலேயே இருக்கும். லென்ஸில் மணல் ஒட்டினால் புளோயரால் (காற்று ஊதும் ரப்பர் பந்து) ஊதுங்கள், அப்புறம் பிரஷ். துணி தொட்டால் கீறல்தான். அங்கே நின்று லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள்.

கேள்வி: 16 எம்எம் அகலக் கோண லென்ஸில் போலரைசர் (வான நீலத்தை அடர்த்தியாக்கும் ஃபில்டர்) போடலாமா?

பதில்: வேண்டாம். வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருநீலத் திட்டு விழும்.

கேள்வி: கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் எடுபடுமா?

பதில்: நிழல் நன்றாக இருந்தால் எடுபடும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1936-இல் கலிபோர்னியாவின் ஓஷியானோ மேடுகளை எடுத்தது கறுப்பு வெள்ளையில்தான். மாற்றும்போது ஆரஞ்சை ஏற்றினால் மணல் வெளுக்கும், நீலத்தை இறக்கினால் வானம் கறுக்கும். நீலத்தை அளவுக்கு மீறி இறக்கினால் வானம் பொரிப்பொரியாகி, முகட்டோரம் வெள்ளைக் கோடு விழும்.