புள்ளி தள்ளிப் போகிறதா? சின்னப் போட்டுக்காரர்களின் ஜி.பி.எஸ் கேள்விகள்

வாழைச்சேனையிலிருந்து: பதினெட்டு அடி ஃபைபர் போட், 25 குதிரைவலு எஞ்சின். பத்துக் கடல் மைலுக்குள்தான் தொழில். குறைந்த விலையில் எந்த ஜி.பி.எஸ் நல்லது?

கார்மின் 73. கறுப்பு வெள்ளைத் திரை, ஈரக்கையாலும் அமுக்கக்கூடிய பொத்தான்கள். இரண்டு டபிள்-ஏ பற்றரியில் பதினெட்டு மணித்தியாலம் அளவில் ஓடும், ஆயிரம் புள்ளி (பதிந்து வைக்கும் இடம்) கொள்ளும், தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். இதற்கு முந்திய 72எச் நல்ல நிலையில் கைமாறி வந்தால் அதுவும் காணும். அதில் 500 புள்ளிதான், ஆனால் பத்து மைலுக்குள் தொழில் செய்கிறவருக்கு 500 எதற்கு?

கார்மினின் ஈட்ரெக்ஸ் வகைகளும் (10, 22எக்ஸ், எஸ்.இ) வேலையில் குறையில்லை. ஆனால் கையிலிருந்து நழுவினால் நேரே அடிக்குத்தான் போகும், திரையும் 2.2 அங்குலம்தான். வெளிநாட்டு விலையில் எஸ்.இ மலிவு, மிதக்கும் வண்ணத்திரை 79எஸ் இவை எல்லாவற்றிலும் கூட. இங்கே வந்து சேரும்போது இன்னும் ஏறும். வரைபடம் இருக்கிறது என்று கூடக் காசு கொடுக்காதீர்கள். பெட்டியோடு வரும் வரைபடத்தில் நம் கரையோரத்துப் பார்களும் (கடலடிப் பாறைத் திட்டுகள்) கல்லுகளும் இருக்காது. நீங்கள் பதிந்து வைக்கும் புள்ளிகள்தான் உங்கள் வரைபடம்.

எதை வாங்கினாலும் கயிறு கட்டுங்கள். மிதப்பதற்கும் கட்டுங்கள். மிதக்கிற மெஷினும் நீரோட்டத்தோடு போய்விடும்.

காத்தான்குடியிலிருந்து: வாவிக்குள் இரவில் தோணியில் போகிறோம். ஜி.பி.எஸ் தேவையா?

தேவையில்லை. அந்தக் காசுக்கு நல்ல டோர்ச் ஒன்றும், ஆளுக்கொரு மிதவை அங்கியும் வாங்குங்கள். மற்ற எஞ்சின் போட்டுக்காரருக்கு நீங்கள் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம்.

பாசிக்குடாவிலிருந்து: போனிலேயே ஜி.பி.எஸ் இருக்கும்போது தனி மெஷின் ஏன்? கடலில் சிக்னல் இல்லாவிட்டால் போன் ஜி.பி.எஸ் வேலை செய்யுமா?

செய்யும். செய்மதியைப் பிடிக்க டவர் தேவையில்லை. டேட்டா இல்லாவிட்டால் முதல் தடவை இடம் பிடிக்கச் சில நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சிக்கல் வேறு இடத்தில்: உப்புத் தண்ணீர் பட்ட திரையில் விரல் வேலை செய்யாது. மத்தியான வெயிலில் போன் சூடேறித் தானாக நின்றுவிடும். திரையைத் தொடர்ந்து எரியவிட்டால் ஐந்தாறு மணித்தியாலத்தில் சார்ஜ் முடியும், அதோடு அவசரத்துக்கு ஒரு கோல் எடுக்கவும் வழியில்லை. நீர் புகாத பையில் போட்டு இரண்டாவது கருவியாக வைத்திருங்கள், முதலாவதாக வேண்டாம்.

சாய்ந்தமருதிலிருந்து: கூட்டாளி தந்த பார் புள்ளியை அப்படியே அடித்தேன். மெஷின் அரை மைல் தள்ளிக் கொண்டுபோய் விடுகிறது. மெஷின் பழுதா? புள்ளி 7 43 50.

பழுது மெஷினில் இல்லை, இந்தக் கடிதத்தில் இருக்கிறது. இதே கேள்வி மாதம் தவறாமல் வருகிறது, வருகிற எல்லாரும் இப்படித்தான் மூன்று எண்ணை இடைவெளி விட்டு எழுதி அனுப்புகிறார்கள். 7 43 50 என்றால் என்ன? 7 பாகை 43.50 நிமிடமா? 7 பாகை 43 நிமிடம் 50 விநாடியா? இரண்டும் ஒன்றில்லை. 43.50 நிமிடம் என்பது 43 நிமிடம் 30 விநாடி. ஒரு விநாடி 31 மீட்டர் அளவு, எனவே இருபது விநாடிக்கு அறுநூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். உங்கள் 'அரை மைல்' அங்கேதான் கிடக்கிறது.

இன்னும் மோசமானது பாகையைத் தசமத்தில் எழுதுவது. 7 பாகை 43.5 நிமிடத்தை யாராவது 7.435 என்று போனில் அடித்தால் அது 7 பாகை 26.1 நிமிடம். மட்டக்களப்பு நகருக்கு நேரே கிழக்கில் இருக்க வேண்டிய புள்ளி கல்முனைக்கு நேரே போய் நிற்கும். பதினேழு கடல் மைல் பிழை, எண்ணெயும் போச்சு, நாளும் போச்சு. மட்டக்களப்புக் கடலடியில் ஹேர்மிஸ் போர்க்கப்பல் கிடக்கும் இடத்துக்கு ஆளாளுக்கு ஒரு எண் வைத்திருப்பதற்கும் பாதிக் காரணம் இதுதான். 1942 ஏப்ரல் 9இல் மூழ்கிய கப்பல், அதற்குப் பிறகு நகரவில்லை.

செய்ய வேண்டியது இது. மெனுவில் செட்அப், அதற்குள் பொசிஷன் ஃபோர்மட். அங்கே உள்ளவற்றில் மூன்று வகை முக்கியம்: ஒன்று, பாகை மட்டும் தசமத்தில்; இரண்டு, பாகையும் தசம நிமிடமும்; மூன்று, பாகை, நிமிடம், விநாடி. கடல் தொழிலுக்கு இரண்டாவதை வைத்திருங்கள். நிமிடத்துக்குப் பிறகு மூன்று இலக்கம் வரும், கடைசி இலக்கம் ஒன்று மாறினால் இரண்டு மீட்டர்கூட இல்லை. வேறு வகையில் எழுதிய புள்ளி கிடைத்தால் கணக்குப் போட்டுத் தலையை உடைக்க வேண்டாம். ஃபோர்மட்டை அந்த வகைக்கு மாற்றி, எண்ணை அடித்துச் சேமித்து, திரும்பப் பழையபடி மாற்றுங்கள். சேமித்த புள்ளி அசையாது, காட்டும் விதம் மட்டும்தான் மாறும்.

தந்தவருக்கே எந்த வகை என்று தெரியாவிட்டால் அவருடைய பத்துப் பதினைந்து புள்ளிகளை வாங்கிக் கடைசி இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். ஒன்றாவது 60க்கு மேலே இருந்தால் அது விநாடி இல்லை, தசமம். ஒன்றுகூட 59ஐத் தாண்டாவிட்டால் பெரும்பாலும் விநாடி. பூச்சியத்தையும் விழுங்காதீர்கள்: 43.05 என்பதை '43 5' என்று சீட்டில் எழுதி, வாங்கியவர் 43.5 என்று அடித்தால் எண்ணூறு மீட்டர் போச்சு.

அதே மெனுவில் மெப் டேட்டம் என்று ஒன்று உண்டு, பாகை நிமிடத்தை எந்த அளவை முறையில் கணக்கிடுவது என்று சொல்வது. அது டபிள்யூ.ஜி.எஸ் 84இல் இருக்க வேண்டும். யாரோ நோண்டி அதைக் கண்டவல என்று மாற்றியிருந்தால் எல்லாப் புள்ளியும் இருநூறு மீட்டர் அளவில் ஒரே பக்கமாகத் தள்ளிக் காட்டும். பழைய நில அளவைத் தாளுக்குத்தான் அது சரி, கடலுக்கு இல்லை.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஐந்து மீட்டர் முன்பின் இருக்கும். உங்கள் மெஷினில் ஐந்து, கூட்டாளியின் மெஷினில் ஐந்து. பாருக்குக் கிட்டப் போனதும் பத்துப் பதினைந்து மீட்டர் வட்டத்தில் ஈயக்குண்டு விட்டுத்தான் தேட வேண்டும்.

கல்லடியிலிருந்து: எஞ்சினை நிறுத்தினால் ஈட்ரெக்ஸ் 22எக்ஸில் அம்புக்குறி சும்மா சுற்றுகிறது.

அதில் காந்தத் திசைகாட்டி இல்லை, 32எக்ஸில்தான் உண்டு. உங்களுடையது நகர்வை வைத்தே திசை சொல்லும். நடை வேகத்துக்குக் கூட்டினால் அம்பு நிலைக்கும். எந்த மெஷினாக இருந்தாலும் போட்டின் முன்பக்கத்தில் ஒரு சாதாரணக் கொம்பாஸ் கிடக்கட்டும். பற்றரி செத்தால் மேற்கே போனால் கரை, அதைச் சொல்ல அது போதும். எஞ்சினுக்கும் இரும்புக்கும் கிட்ட வைக்காதீர்கள்.

பாலமீன்மடுவிலிருந்து: போன வருசம் முகத்துவாரத்தால் போன வழி மெஷினில் பதிவாகி இருக்கிறது. இருட்டில் அதைப் பிடித்து உள்ளே வரலாமா?

வரக்கூடாது. மாரியில் திறந்து கோடையில் மணல் மூடும் வாய் அது. போன வருச வழியில் இந்த வருசம் மணல்மேடு இருக்கலாம், அலை அதில்தான் உடையும். மெஷின் உங்களைச் சரியாக ஐந்து மீட்டருக்குள் அந்த மேட்டில் கொண்டுபோய் ஏற்றிவிடும். ஒலுவில் துறைமுக வாயிலுக்கும் இதே பதில். பதிந்த வழியை வெளியே, ஆழத்தில், கரைக்கு ஒரு மைல் வரைக்கும் பாவியுங்கள். அங்கிருந்து கண். வெளிச்சம் இல்லாவிட்டால் நங்கூரம் போட்டு விடியும்வரை நில்லுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: பழைய மெஷின் ஒன்று மலிவாக வந்தது. இடம் சரியாகக் காட்டுகிறது, திகதி மட்டும் இருபது வருசம் பின்னால். வாங்கலாமா?

ஜி.பி.எஸ் கிழமைக் கணக்கு 1024 கிழமைக்கு ஒருதரம் பூச்சியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. பழைய மெஷின்கள் அதில் குழம்பியவை. இடத்துக்குப் பாதகமில்லை. அதில் காட்டும் சூரிய, சந்திர நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம். வாங்க முன் மூன்றைப் பாருங்கள்: வெயிலில் திரை கறுத்துப்போகிறதா, ஓரத்து ரப்பர் பட்டி கழன்றிருக்கிறதா, பற்றரிக் கூட்டுக்குள் பச்சைக் களிம்பு இருக்கிறதா. ரப்பர் கழன்றதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

திருக்கோவிலிலிருந்து: சார்ஜ் பற்றரி போட்டால் அரை நாளில் 'பற்றரி குறைவு' என்கிறது.

மெனுவில் பற்றரி வகையை நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் என்று மாற்றுங்கள். அது 1.2 வோல்ட், அல்கலைன் என்று வைத்திருந்தால் நிறைந்ததையும் குறைந்தது என்றே மெஷின் நினைக்கும். தொழில் முடிந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். ஒரு மீட்டர் ஆழம், அரை மணித்தியாலம் தாங்கும் என்ற சான்று நல்ல தண்ணீருக்குத்தான், உப்புக்கு அல்ல. மாரியில் தொழில் இல்லாத நாளில் பற்றரியைக் கழற்றி வையுங்கள். கடலுக்குப் போகும்போது மாற்றுச் சோடி ஒன்று, பொலித்தீனில் கட்டி. கயிறும்.

நிந்தவூரிலிருந்து: எஞ்சின் பழுதாகி நின்றால் இதை வைத்து நேவி என்னைக் கண்டுபிடிக்குமா?

இல்லை. இது கேட்கும் கருவி, பேசும் கருவி இல்லை. இடத்தை நீங்கள் பார்த்து, போனிலோ வி.எச்.எஃப் கைவானொலியின் 16ஆம் சனலிலோ வாயால் சொல்ல வேண்டும். பாகை, நிமிடம், தசமப் புள்ளி, பிறகு மூன்று இலக்கம், ஒவ்வொன்றாக. கைவானொலிக்கு தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும்.

ஊர் எழுதாத ஒருவர்: ஜி.பி.எஸ் வேலை செய்யுதில்லை, என்ன செய்ய?

எந்த மெஷின், என்ன காட்டுகிறது, எங்கே வைத்துப் பார்த்தீர்கள்? தகரக் கூரைக்குக் கீழே என்றால் முதலில் முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கால் மணித்தியாலம் வானம் பார்க்க வையுங்கள்.