தக்பீர் கட்டியதும் மனம் எங்கே போகிறது?

அஸ்ஸலாமு அலைக்கும். தொழுகையில் உள்ளச்சம் (அல்லாஹ்வின் முன் நிற்கிறோம் என்ற பணிவான கவனம்) வரவில்லை, மனம் நிற்கவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். மக்தபில் (பிள்ளைகள் குர்ஆன் ஓதும் பள்ளியில்) பல வருடம் ஓதிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தக்பீர் கட்டியதும் (அல்லாஹு அக்பர் சொல்லித் தொழுகையைத் தொடங்கியதும்) மறந்துபோன பில்லெல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது. சலாம் கொடுத்து முடிக்கும்போதுதான் தொழுதுகொண்டிருந்ததே தெரிகிறது. நான் முனாஃபிக் (நயவஞ்சகன்) ஆகிவிட்டேனா ஹஜ்ரத்?

பதில்: இல்லை தம்பி. சஹாபிகளுக்கே (நபித்தோழர்களுக்கே) இது வந்திருக்கிறது. உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்கள், "எனக்கும் என் தொழுகைக்கும் நடுவே ஷைத்தான் வந்து ஓதுவதைக் குழப்புகிறான்" என்று நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். அவன் பெயர் கின்ஸப், அவனை உணர்ந்தால் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி இடப்பக்கம் மூன்று முறை லேசாகத் துப்பிவிடுங்கள் என்று நபியவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியே செய்தேன், போய்விட்டது என்று அவரே சொல்கிறார். இது முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) நூலில் இருக்கிறது. ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகையில்) பக்கத்தில் ஆள் நிற்கும்போது, பாதுகாப்புத் தேடும் அஊது மட்டும் போதும்.

நினைவு வருவது உங்கள் குற்றமில்லை. வந்ததன் பின்னாலேயே போய் உட்கார்ந்துகொள்வதைத்தான் தடுக்க வேண்டும். பத்து தடவை போனால் பத்து தடவையும் இழுத்துக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று. நாற்காலியிலிருந்து எழுந்து, அவசரமாக உளூ (தொழுகைக்கு முன் முகம், கைகால் கழுவுவது) செய்து, ஓடிவந்து ஸஃப்பில் (வரிசையில்) நின்றால் மனம் இன்னும் நாற்காலியில்தான் இருக்கும். இகாமத் (தொழுகை தொடங்கப்போகிறது என்ற அறிவிப்பு) சொல்லிவிட்டாலும் ஓடிவராதீர்கள், நிதானமாக வாருங்கள் என்பது நபிமொழி. எழும் முன் பாக்கி வேலையை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். லுஹருக்கு (நண்பகல் தொழுகைக்கு) முந்திய சுன்னத் தொழுகையை விடாதீர்கள். அலுவலகத்தின் இரைச்சல் அந்த ரக்அத்துகளில் (தொழுகையின் சுற்றுகளில்) கொஞ்சம் அடங்கிவிடும், ஃபர்ளுக்கு (கடமையான தொழுகைக்கு) நிற்கும்போது மனம் லேசாக இருக்கும்.

கேள்வி: ஏழு வயதில் மனப்பாடம் செய்தது. நாற்பது வருடமாக ஓதுகிறேன். வாய் ஓதுகிறது, மனதில் ஒன்றும் இல்லை. என்ன செய்வது?

பதில்: வந்த கேள்விகளில் எனக்கு முக்கியமாகப்பட்டது இதுதான். அரபி நம் தாய்மொழி இல்லை. பிள்ளைக்கு மக்ரஜ் (எழுத்து உச்சரிப்பு) சரியாக வர வேண்டும் என்று பாடுபடுகிறோம், பொருளைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிடுகிறோம். என் வகுப்பிலும் பல காலம் அப்படித்தான் நடந்தது. அது என் தவறு.

ஃபர்ளு மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத். ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதும் அல்ஹம்து சூரா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) 7 வசனம். அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். தொழுகையை எனக்கும் என் அடியானுக்கும் இடையே இரண்டு பாதியாகப் பிரித்துவிட்டேன் என்று அல்லாஹ் சொல்வதாக ஒரு ஹதீஸ் குத்ஸி இருக்கிறது. அடியான் "அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்" என்றால், "என் அடியான் என்னைப் புகழ்ந்தான்" என்கிறான். "இய்யாக்க நஅபுது வ இய்யாக்க நஸ்தஈன்" என்றால், "இது எனக்கும் என் அடியானுக்கும் உள்ளது, அவன் கேட்டது அவனுக்கு உண்டு" என்கிறான். ஆக ஒவ்வொரு வசனத்துக்கும் பதில் வருகிறது. பதில் வருகிறது என்று தெரிந்தவர் ஒரே மூச்சில் ஓதி முடிக்க மாட்டார். வசனத்துக்கு வசனம் நிறுத்துவார்.

உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். இந்த வாரம் "இய்யாக்க நஅபுது" ஒன்றின் பொருள் மட்டும்: உன்னையே வணங்குகிறோம், உன்னிடமே உதவி தேடுகிறோம். அந்த இடம் வரும்போது மனம் அங்கே இருந்தால் போதும். அடுத்த வாரம் ருகூவில் (குனிந்து நிற்கும் நிலையில்) ஓதும் தஸ்பீஹ் (துதி). அதற்கடுத்து ஸஜ்தாவில் "அஃலா" என்ற சொல், மிக உயர்ந்தவன். நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டுதான் அவனை மிக உயர்ந்தவன் என்கிறோம். இது புரிந்த நாளில் ஸஜ்தாவிலிருந்து எழ எனக்கு மனம் வரவில்லை. அமர்வில் ஓதும் அத்தஹிய்யாத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

கேள்வி: வேகமாகத் தொழுது பழகிவிட்டேன். இரண்டு நிமிடத்தில் நான்கு ரக்அத் முடிந்துவிடுகிறது.

பதில்: பள்ளியில் வேகமாகத் தொழுதுவிட்டு வந்து சலாம் சொன்னவரிடம் நபி (ஸல்) அவர்கள், "திரும்பப் போய்த் தொழுங்கள், நீங்கள் தொழவில்லை" என்றார்கள். மூன்று முறை அப்படி நடந்தது. பிறகு ருகூவிலும் ஸஜ்தாவிலும் உடம்பு அமைதியடையும் வரை இருக்கக் கற்றுக்கொடுத்தார்கள். உடம்பு நிற்காமல் மனம் மட்டும் நிற்காது தம்பி. ருகூவிலிருந்து எழுந்ததும் முதுகு நேராகும் வரை நில்லுங்கள். முதலில் அதை மட்டும் திருத்துங்கள்.

கேள்வி: பையில் போன் அதிர்ந்தால்?

பதில்: பள்ளிக்குள் நுழையும்போதே அணைத்துவிடுங்கள். மறந்துவிட்டால் ஒரு கையால் அமர்த்துங்கள், தொழுகை முறியாது. யார் அழைத்தது என்று எடுத்துப் பார்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் புதுக் கம்பளம், நிறையப் பூவேலை. கண் அதிலேயே போகிறது. கண்ணை மூடிக்கொண்டு தொழலாமா?

பதில்: ஸஜ்தா செய்யும் இடத்தைப் பார்த்து நிற்பதே நல்லது. காரணமில்லாமல் கண்ணை மூடுவதை ஹனஃபி சட்டப்பிரிவு அறிஞர்கள் மக்ரூஹ் (விரும்பத்தகாதது) என்கிறார்கள். முன்னால் இருப்பது கவனத்தைக் கலைத்தால் மூடிக்கொள்ள இடம் கொடுத்த அறிஞர்களும் உண்டு.

நிர்வாகத்தினர் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். நபி (ஸல்) அவர்கள் வேலைப்பாடு உள்ள ஆடையில் தொழுதார்கள். தொழுது முடித்ததும், இது என் கவனத்தைத் திருப்பிவிட்டது, இதை அபூ ஜஹ்மிடம் கொடுத்துவிட்டு அவருடைய வேலைப்பாடில்லாத ஆடையை வாங்கி வாருங்கள் என்றார்கள். அவர்களுக்கே அப்படியென்றால் நமக்கு? கம்பளம் ஒரே நிறத்தில் இருக்கட்டும். மிஹ்ராபுக்கு (இமாம் நிற்கும் மாடத்துக்கு) மேலே சிவப்பு எண்கள் ஓடும் கடிகாரத்தைப் பின்சுவருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை. ஸஜ்தாவுக்குப் போனால் முதுகில் ஏறுகிறான். அடுப்பில் குழம்பு வேறு. எனக்கு உள்ளச்சம் என்று ஒன்று உண்டா ஹஜ்ரத்?

பதில்: உண்டும்மா. நபி (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே தொழுதார்கள். ஸஜ்தாவுக்குப் போகும்போது இறக்கிவிடுவார்கள், எழும்போது தூக்கிக்கொள்வார்கள். குழந்தை அழும் சத்தம் கேட்டால் அதன் தாயை நினைத்துத் தொழுகையைச் சுருக்குவார்கள். நீங்களும் சின்ன சூராக்களாக ஓதிக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு நில்லுங்கள். பசியோடு சாப்பாட்டை எதிரில் வைத்துக்கொண்டும், இயற்கைத் தேவையை அடக்கிக்கொண்டும் தொழக்கூடாது என்றும் ஹதீஸ் இருக்கிறது. நேரம் இருந்தால் சாப்பிட்டுவிட்டே தொழலாம்.

கேள்வி: தொழுதது மூன்று ரக்அத்தா நான்கா என்று அடிக்கடி சந்தேகம். வயது எழுபது.

பதில்: பாய், குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு மீதியைத் தொழுது, ஸஜ்தா ஸஹ்வு (மறதிக்கான ஸஜ்தா) செய்துவிடுங்கள். ஷாஃபி சட்டப்பிரிவினர் சலாமுக்கு முன், ஹனஃபிகள் ஒரு சலாமுக்குப் பின். அடிக்கடி சந்தேகம் வருபவர், எது சரி என்று மனம் பலமாகச் சாய்கிறதோ அதன்படி செய்யலாம் என்பது ஹனஃபி சட்டம். முடிந்தவரை ஜமாஅத்தில் சேர்ந்துவிடுங்கள், எண்ணிக்கையை இமாம் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: நான் ஒரு பெண். உளூ முறிந்துவிட்டதோ என்று ஐந்தாறு முறை செய்கிறேன். தக்பீரையும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒரு தொழுகைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. தொழவே பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, இது இறையச்சக் குறைவு இல்லை, வஸ்வாஸ் (மனதில் விடாமல் வரும் வீண் சந்தேகம்). காற்றுப் பிரிந்த சத்தம் கேட்டாலோ வாடை வந்தாலோ அன்றி, சந்தேகத்துக்காகத் தொழுகையை விடாதீர்கள் என்பது நபிமொழி. முதல் உளூ செல்லும். முதல் தக்பீர் செல்லும். மனம் என்ன சொன்னாலும் இரண்டாவது முறை செய்யாதீர்கள். இவ்வளவு நேரம் போகிறது, பயமும் வருகிறது என்றால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, மருந்து எடுப்பது ஈமானுக்கு இழுக்கில்லை. மருந்தை இறக்காமல் அல்லாஹ் எந்த நோயையும் இறக்கவில்லை என்று நபியவர்களே சொல்லியிருக்கிறார்கள். இந்த வாரமே போய் வாருங்கள், வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.