நகம் பட்டது கண்ணில், சோதித்தது ரத்தத்தில்

மூன்று பக்கம் எழுதிப் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு வரும் காலை டவுன் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் நகம் வெட்டியது, ஒரு துண்டு தெறித்து உங்கள் வலக்கண்ணில் விழுந்தது, முன் இருக்கைப் பெண் கூந்தலை உதறி வாரியது, பேன், பொடுகு, எய்ட்ஸ், மஞ்சள் காமாலை என்று எல்லாம் அதில் வருகின்றன. எனக்கு வேண்டியிருந்தது மூன்றாம் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே நெருக்கி எழுதிய ஒரே ஒரு வரி: “கண் மட்டும் டியூப்லைட்டைப் பார்த்தால் கூசுகிறது, மற்றபடி பரவாயில்லை.”

அதைப் படித்தவுடன் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அன்று மாலையே கண் மருத்துவரிடம் போனீர்கள். அன்று பாதி கடிந்தும் பாதி விளக்கியும் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். இதே கண்ணோடு இதே பஸ்ஸில் வேறு யாராவது வந்துகொண்டிருக்கலாம்.

முதலில் உங்களைத் தூங்கவிடாத கேள்வி. எச்.ஐ.வி. வராது. யாரோ வெட்டிய நகத்துண்டு பட்டு அது தொற்றியதாக மருத்துவத்தில் வரலாறே இல்லை. கணவருக்குக்கூடச் சொல்லாமல் மறுநாளே ஒரு பரிசோதனை நிலையத்துக்குப் போய் ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். உண்மையிலேயே தொற்றியிருந்தாலும் மறுநாள் எடுத்த ரத்தத்தில் எந்தச் சோதனையும் அதைக் காட்டாது; தடம் தெரிய வாரக்கணக்கில் ஆகும். ஆக, வராத நோய்க்கு, காட்டாத சோதனை. கைப்பேசியில் இரவு இரண்டு மணிக்குத் தேடிப் படித்தால் அதுதான் நடக்கும்.

“ஆள் மெலிந்து, கன்னம் ஒட்டி, கையெல்லாம் காய்த்துப் போயிருந்தார், அதனால்தான் சந்தேகம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, காலை ஏழே முக்கால் பஸ்ஸில் கொத்து வேலைக்குப் போகிறவர் வேறு எப்படி இருப்பார்? அவருடைய ரத்தத்தைப் பற்றி நான்கு நாள் யோசித்த நீங்கள், அவர் நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பற்றி ஒரு நிமிடமாவது யோசித்திருந்தால் கண் இந்த நிலைக்கு வந்திருக்காது.

ஹெபடைடிஸ் பி என்னும் மஞ்சள் காமாலைக் கிருமி சற்று வேறு ரகம். உலர்ந்த ரத்தத்தில் ஏழு நாளாவது வீரியத்தோடு இருக்கக்கூடியது. அதனால்தான் நகவெட்டியையும் சவர பிளேடையும் பிறருடன் பகிராதீர்கள் என்கிறோம். தெறித்து விழுந்த ஒரு துண்டால் அது வருவது கணக்கில் சேராத அளவு. ஆனாலும் இந்தப் பயத்துக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு: தடுப்பூசி போட்டிராவிட்டால் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. முடிந்தது.

பேன் குதிக்காது, பறக்காது. பெரும்பாலும் தலையோடு தலை உரசித்தான் ஏறும். முன் இருக்கைக் கூந்தல் உங்கள் மடியில் விழுவது அருவருப்பு, நோய் அல்ல. பொடுகு ஒட்டாது. இந்தப் பத்தி இவ்வளவுதான்.

இனி கண்.

கருவிழி என்று நாம் சொல்லும் அந்தக் கண்ணாடி, நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான். அதன் மேல்தோல் கீறினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும், நீர் கொட்டும், வெளிச்சம் பார்க்க முடியாது. கைக்குழந்தையின் நகம் பட்ட தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். ஆனால் சாதாரணக் கீறல் வேகமாக ஆறும். ஒரு நாளில் பாதி வலி போய்விடும், இரண்டு மூன்று நாளில் மறந்தே போகும். அதனால் நான் கேட்பது ஒன்றைத்தான்: இரண்டாம் நாள் முதல் நாளைவிடத் தேவலையா? தேவலை என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. அப்படியே இருக்கிறது, அல்லது கொஞ்சம் குறைந்து மறுபடி ஏறுகிறது, வெளிச்சம் கூசுகிறது, பார்வை மங்கலாக இருக்கிறது என்றால் அன்றைக்கே கண் மருத்துவர். நாளை சந்தை நாள், நாளன்றைக்குக் கல்யாணம் என்று தள்ளக்கூடாது. சிவந்திருக்கிறதா என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். கூசுகிறதா என்பதே முதல் கேள்வி. உங்களுக்குச் சிவப்பு குறைந்து கூச்சம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதுதான் என்னைத் தொலைபேசியை எடுக்க வைத்தது.

வீட்டில் பார்க்க ஒரு வழி உண்டு. பகலில் ஜன்னலுக்கு எதிரே நின்று கைக்கண்ணாடியில் பாருங்கள். கருப்பின் மேல் ரவை அளவு வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு புள்ளி இருந்தால், அது தேய்த்தால் போகும் பீளை அல்ல. புண். புள்ளி தெரியவில்லை என்பதால் புண் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மருத்துவர்களான எங்களுக்கே ஆரஞ்சு நிறச் சாயத்தாளைக் கண்ணில் ஒற்றி, நீல வெளிச்சத்தில் பச்சையாக மின்னுகிறதா என்று பார்த்தால்தான் பல நேரம் பிடிபடும்.

நம் பக்கத்தில் இந்தப் புண்ணுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. குளிர்நாடுகளில் கருவிழிப் புண் என்றால் பெரும்பாலும் பாக்டீரியா. இங்கே பூஞ்சை சரிபாதிக்கு வரும். 1994இல் மதுரையில் மூன்று மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பூஞ்சை. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவானவர்களுக்கு முன்னதாகக் கண்ணில் ஏதாவது அடிபட்டிருந்தது. நெல் சுனை, கரும்புத் தோகை, மாட்டு வால், மண். அந்தப் பூஞ்சைகள் நம் வயலிலும் புழுதியிலும் குடியிருப்பவை. மண் வேலை செய்கிறவரின் நகம் அவற்றைச் சுமந்துவருவதில் வியப்பில்லை. கீறலையும் விதையையும் ஒரே துண்டு கொண்டுவந்து போட்டுவிட்டது.

அதற்கு நீங்கள் ஊற்றிய தண்ணீர் எது? மருந்துக்கடையில் “கண் சிவந்திருக்கிறது” என்று சொல்லி வாங்கிய சொட்டு மருந்து. கடைக்காரர் கொடுத்ததும் சிவப்பு குறைந்தது, நீங்களும் “நல்ல மருந்து” என்று எழுதியிருக்கிறீர்கள். படம் அனுப்பச் சொல்லிப் பாட்டிலைப் பார்த்தேன். ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெத்தசோன் கலந்தது. அது ஸ்டீராய்டு. சிவப்பு என்பது உடல் படை அனுப்பிப் போராடுவதன் அடையாளம். ஸ்டீராய்டு அந்தப் படையைத் திருப்பி அழைத்துக்கொள்கிறது. கண் வெளுக்கிறது, வலி குறைகிறது, பூஞ்சை நிம்மதியாகக் கருவிழிக்குள் இறங்குகிறது. வைரஸால் வரும் புண்ணிலும் இதே கதைதான். பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று எது எழுதியிருந்தாலும், கண்ணைக் கருவியில் பார்த்த மருத்துவர் எழுதித் தராமல் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். போன வருடம் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதித் தந்த மிச்சம் என்பதும் இதில் அடக்கம்.

புதுவயல் பக்கத்து அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். கண்ணில் உமி விழுந்து பன்னிரண்டு நாள். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார், அதற்குள் இன்னொரு பை, அதற்குள் காலி பாட்டில் இரண்டு. “இதைப் போட்டதும் சிவப்பே இல்லைங்க ஐயா” என்றார், பெருமையாக. உண்மைதான், வெள்ளைவிழி பளிச்சென்று இருந்தது. கருவிழியின் நடுவில் வெந்த முட்டையின் வெள்ளை ஒட்டியது போல ஒரு வட்டம். விரலைக் காட்டி எத்தனை என்றேன். “கை ஆடுவது தெரிகிறது” என்றார். மதுரைக்கு அனுப்பினோம். கருவிழி மாற்று வரை போயிற்று. அவர் இப்போதும் ஆலையில்தான் இருக்கிறார், ஒரு கண்ணோடு.

உங்களுக்கு அந்த இடத்துக்குப் போகவில்லை. மூன்று நாள் சொட்டோடு நின்றுவிட்டது. புண்ணைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்ததில் பூஞ்சை இழை தெரிந்தது, சிறிய புண்தான், ஓரத்தில்தான் இருக்கிறது என்று உங்கள் கண் மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். நாட்டமைசின் சொட்டு தந்திருக்கிறார். அது பால் போல இருக்கும்; ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கித்தான் விட வேண்டும். இமையோரத்தில் வெள்ளைப் பொடியாகப் படியும். சீழ் என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள், மருந்துதான் அது. மணிக்கொரு தடவை என்றால் மணிக்கொரு தடவை. பூஞ்சை மெதுவாக வந்தது போலவே மெதுவாகத்தான் போகும், வாரக்கணக்கில். ஐந்தாம் நாள் கூச்சம் போனதும் விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாமியார் சொன்னார் என்று நந்தியாவட்டைப் பூச்சாற்றைப் பற்றியும் தாய்ப்பாலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம். விளக்கெண்ணெய், தேன், வெங்காயச் சாறு எதுவும் வேண்டாம். நாக்கால் தூசி எடுக்கிறவரிடமும் போக வேண்டாம். கண்ணில் ஏதாவது விழுந்தால் குடிக்கிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், தேய்க்காதீர்கள், பஞ்சு வைத்துக் கட்டாதீர்கள். கட்டினால் உள்ளே ஈரமும் சூடும் சேர்ந்து பூஞ்சைக்குப் பந்தல் போட்டது மாதிரி.

உங்கள் இரண்டாம் பக்கத்தில் போகிறபோக்கில் இன்னொன்று சொல்லியிருக்கிறீர்கள்: நகம் தெறித்தபோது நீங்களும் கண்மை தீட்டிக்கொண்டிருந்தீர்களாம், “அதனால்தான் கண் அகலத் திறந்திருந்தது.” இதற்கு உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, ஓடி வந்து ஏறுகிற பெண்ணுக்கு அந்த முக்கால் மணி நேரம்தான் கண்ணாடி பார்க்கும் நேரம். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, கூட்டமும் அதற்கேற்ப. தலை வாருங்கள், பொட்டு வையுங்கள், யார் கேட்கப் போகிறார்கள். ஆனால் கூரான எதையும் கண்ணருகே கொண்டுபோவதை பஸ் நின்ற பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தேவகோட்டை ரஸ்தா நிறுத்தம் தாண்டி வேகத்தடையில் ஓட்டுநர் பிரேக் போட்டால் மைக்குச்சி போகிற இடமும் அதே கருவிழிதான். ஊக்கை உதட்டில் கவ்விக்கொண்டு மல்லிகைச் சரம் வைப்பதும் அப்படித்தான். குலுக்கலில் ஊக்கு மூச்சுக்குழாய்க்குள் போனால் குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆண்கள் இளிக்க வேண்டாம். ஓடும் பஸ்ஸில் சாவியால் காது குடைந்து செவிப்பறையில் ஓட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் ஆண்கள்தான்.

அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நம் ஊர் வீடுகளில் பட்டாசாலையில் உட்கார்ந்து நகம் வெட்டிப் பாருங்கள், ஆச்சி விடுவார்களா? விளக்கு வைத்த பிறகு கூடாது, செவ்வாய் வெள்ளி கூடாது, வாசலுக்கு வெளியே போ என்பார்கள். அவரும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவராகத்தான் இருப்பார். “அண்ணே, கண்ணில் தெறிக்கிறது, இறங்கியதும் வெட்டிக்கொள்ளுங்கள்” என்றால் போதும். முகத்தைச் சுளித்துக்கொண்டு சேலைத் தலைப்பால் மூக்கை மூடுவதைவிட அது மரியாதை. கேட்காவிட்டால் எழுந்து வேறிடம் போய் நில்லுங்கள்.

கடைசியாக ஒன்றைத் தொலைபேசியில் சொல்ல மறந்துவிட்டேன். நகக்கீறல் ஆறிய பிறகும் சிலருக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து, விடியற்காலையில் கண் திறக்கும்போது சுருக்கென்று கிழிப்பது போல வலிக்கும், நீர் கொட்டும். இரவில் உலர்ந்த இமை, சரியாக ஒட்டாத அந்தப் புதுத்தோலைப் பிய்த்துக்கொண்டு திறப்பதால் வருவது. அதற்கு வேறு மருந்து உண்டு. பழைய புண் திரும்பியிருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிட வேண்டும். அப்படி நடந்தால் இப்போது போன அதே கண் மருத்துவரிடம் போங்கள், அந்தப் பழைய பாட்டிலையும் கையோடு எடுத்துப்போய் அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.