பாயில் படுத்துப் பழகியவருக்கு இடுப்பு மூட்டு மாற்று: இரவைக் கடப்பது எப்படி?

கேள்வி: மன்னார்குடிக்கு அருகில் ஒரு கிராமத்தில் விவசாயம் செய்யும் என் தந்தைக்கு வயது 68. வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோனதால் 12 நாள்களுக்கு முன் செயற்கை மூட்டு பொருத்தினார்கள். பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவை சிகிச்சை என்று சொன்னார்கள். வாழ்நாள் முழுவதும் கோரைப்பாயில் ஒருக்களித்துப் படுத்தே பழகியவர், இப்போது கட்டிலில் மல்லாந்தபடி இரவெல்லாம் விழித்திருக்கிறார். எப்படிப் படுக்க வைப்பது? தூக்க மாத்திரை கொடுக்கலாமா? பொங்கலுக்குள் பாய்க்குத் திரும்ப முடியுமா என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பதில்: உங்கள் தந்தைக்குத் தூக்கம் வராததில் வியப்பில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகான முதல் சில வாரங்களில் பெரும்பாலோர் இதைத்தான் சொல்கிறார்கள். தசைகளின் வீக்கமும் வலியும் இரவில் கூடுதலாகத் தெரியும், வலிக்குக் கொடுக்கும் டிரமடால் போன்ற மருந்துகள் தூக்கத்தின் ஒழுங்கைக் குலைக்கும், பகலில் படுத்தே இருப்பவருக்கு இரவில் உறக்கம் குறையும். இவற்றோடு, அறுபது ஆண்டுப் பழக்கத்தை விட்டு அசையாமல் மல்லாந்து கிட என்றால் எந்த உடம்பும் முரண்டு பிடிக்கும். இந்த நிலை வாரத்துக்கு வாரம் தணியும்.

எப்படிப் படுக்க வைப்பது என்று சொல்வதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். படுத்திருக்கும் நேரத்தைவிட, படுக்கப் போகும் நேரத்திலும், புரளும் நேரத்திலும், எழும் நேரத்திலுமே மூட்டுக்கு ஆபத்து அதிகம். இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் அமர்ந்த பந்து. பின்பக்கமாகத் திறக்கும்போது அந்தப் பந்தைப் பின்னிருந்து தாங்கும் சிறு தசைகளையும் உறையையும் வெட்டித்தான் உள்ளே செல்கிறார்கள். பிறகு தைத்துவிட்டாலும் அவை உறுதிப்பட வாரங்கள் ஆகும். அதுவரை இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குவது, அறுவை செய்த காலை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் கொண்டுபோவது, அந்தக் காலை உள்நோக்கித் திருப்புவது ஆகிய மூன்றும் கூடாது. இவை ஒன்றுசேரும்போது பந்து பின்பக்கமாக நழுவக்கூடும். அப்படி நழுவுவது முதல் மூன்று மாதங்களில்தான் அதிகம். முன்பக்கமாகத் திறந்து செய்தவர்களுக்கு விதிகள் வேறு. பின்பக்க முறையிலும் இப்போது சில மருத்துவர்கள் கட்டுப்பாடுகளைத் தளர்த்துகிறார்கள். ஆகவே உங்கள் மருத்துவர் தந்த அறிவுரை இதிலிருந்து மாறுபட்டால் அதையே பின்பற்றுங்கள்.

முதலில் கட்டிலைக் கவனியுங்கள். கயிற்றுக் கட்டில் வேண்டாம். நடுவில் தொய்ந்து இடுப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும், எழும்போது உடம்பை இரண்டாக மடக்க வைக்கும். இலவம்பஞ்சு மெத்தையும் உட்கார்ந்தவுடன் அமுங்கிவிடும் என்பதால், பலகைக் கட்டிலில் கெட்டியான தென்னைநார் மெத்தை போடுவது நல்லது. அவரை விளிம்பில் உட்கார வைத்து, மெத்தை அமுங்கிய பிறகு பாருங்கள்: பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும், முழங்காலைவிட இடுப்பு சற்றே உயரமாக இருக்க வேண்டும். உயரம் போதாவிட்டால் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல்லை அடுக்குவது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் செங்கல் நகரும், உடையும். கால் உட்காரும்படி குழி வெட்டிய மரக்கட்டைகளைத் தச்சரிடம் செய்து வாங்குவதற்கு அதிகம் செலவாகாது.

அடுத்தது, கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்பது. உங்கள் தந்தைக்கு வலது இடுப்பு என்பதால், மல்லாந்து படுத்தால் அவருடைய வலப்பக்கம் திறந்திருக்க வேண்டும், சுவர் இடப்பக்கம் இருக்கலாம். அப்போதுதான் இறங்கும்போது அறுவை செய்த கால் வெளிப்பக்கமாக நகரும், நடுக்கோட்டைத் தாண்டாது. இதற்காகத் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றினால், வடக்கே தலை வைத்துப் படுப்பதா என்று வீட்டுப் பெரியவர்கள் ஆட்சேபிக்கக்கூடும். அவர்களோடு வாதாடாமல் கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றிப் போட்டுவிடுங்கள்.

படுக்கும்போது மல்லாந்திருப்பதே இப்போதைக்குப் பாதுகாப்பானது. இரண்டு கால்களுக்கும் நடுவே, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை நீளும் கெட்டியான தலையணை இருக்க வேண்டும். கடையில் விற்கும் ஆப்புத் தலையணை கிடைக்காவிட்டால், இரண்டு தலையணைகளைப் பழைய வேட்டியால் இறுகச் சுற்றிக் கட்டினால் போதும்; தூக்கத்தில் கால் ஒன்றன்மேல் ஒன்று போவதை அது தடுக்கும். கால்விரல்கள் கூரையைப் பார்த்தபடி இருக்கட்டும். முழங்காலுக்கு அடியில் மட்டும் தலையணை வைத்து இரவு முழுவதும் மடக்கி வைப்பது இதமாகத் தோன்றினாலும், இடுப்பும் முழங்காலும் மடங்கியபடியே இறுகிவிடும் என்பதால் அதைத் தவிருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் குதிகால் மெத்தையில் அழுந்திப் புண்ணாகாதபடி, கெண்டைக்காலின் கீழ்ப்பகுதியில் மெல்லிய துண்டு ஒன்றைச் சுருட்டி வைத்துக் குதிகாலை மட்டும் தூக்கிவிடலாம்.

ஒருக்களிக்க மருத்துவர் அனுமதித்ததும், நன்றாக இருக்கும் இடப்பக்கமாகப் படுக்கலாம். மேலே இருக்கும் வலது கால் முன்னால் சரிந்து கீழே விழுவதுதான் இதில் அபாயம். ஆகவே முழங்காலுக்கு மட்டும் தலையணை வைத்துப் பாதத்தைத் தொங்கவிடக் கூடாது. கணுக்கால்வரை தாங்கல் வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு சுருட்டிய போர்வை இருந்தால் உடம்பு நிலைத்திருக்கும். புரளும்போது தோளும் இடுப்பும் காலும் ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும். முதல் சில நாள்கள் ஒருவர் காலைப் பிடித்துக்கொள்வது நல்லது. அறுவை செய்த பக்கமாகப் படுப்பதைப் பெரும்பாலும் ஆறு வாரங்களுக்குப் பிறகே அனுமதிப்பார்கள்.

எழும்போது முழங்கைகளை ஊன்றி, சாய்ந்த நிலையிலேயே காலையும் உடம்பையும் சேர்த்து விளிம்புக்கு நகர்த்தி, அறுவை செய்த காலை முன்னால் நீட்டிக்கொண்டு, கட்டிலைக் கைகளால் அழுத்தி எழ வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது கவிழும். கால்மாட்டில் கிடக்கும் போர்வையை எட்டி இழுப்பது, கொசுவலையின் ஓரத்தைக் குனிந்து செருகுவது, கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடுவது ஆகிய சின்ன வேலைகளில்தான் 90 பாகை மறந்துபோகும். கொசுவலையை வேறொருவர் செருகட்டும். இறங்கும் பக்கத்தில் அது தரையில் புரளக் கூடாது. செம்பு, டார்ச், மணி மூன்றும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மின்சாரம் போகும் மழைக்காலத்தில் டார்ச்சின் அருமை தெரியும். கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருந்தால், ஈரமான முற்றத்தைக் கடந்து இரவில் போக விடாதீர்கள். சிறுநீர்க் குடுவையோ உயரமான கமோடு நாற்காலியோ கட்டிலருகே வைத்துவிடுங்கள்.

வலி மாத்திரையின் அளவைக் கூட்டாமல் நேரத்தைச் சரிசெய்தாலே பாதிச் சிக்கல் தீரும். எழுதித் தந்த இரவு மாத்திரையைப் படுப்பதற்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்கு முன் கொடுத்துப் பாருங்கள். துணியில் சுற்றிய ஐஸ் பையை 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். கட்டு நனையக் கூடாது. தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். டிரமடாலோடு சேர்ந்தால் அது மூச்சையே மந்தமாக்கும். பாதி மயக்கத்தில் எழுந்து விழுந்தால் மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு முறியலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வேறு வலி மாத்திரைகள், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தோடு சேர்ந்து வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். உறவினர் தைலத்தோடு வந்து காலை நீவிவிட முன்வந்தால் அன்பாக மறுத்துவிடுங்கள். காலின் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி இருந்தால், அழுத்தி நீவும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு. மாறாக, விழித்திருக்கும் நேரமெல்லாம் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம்.

திடீரெனக் கடும் வலி வந்து கால் குட்டையாகி உள்நோக்கித் திரும்பினாலோ, கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி வலித்தாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.

பொங்கலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பாயில் படுத்திருப்பதால் மூட்டுக்கு ஒன்றும் ஆகாது. தரைவரை இறங்குவதும் தரையிலிருந்து எழுவதுமே சிக்கல். குந்தி உட்காரும்போது இடுப்பு 90 பாகையைத் தாண்டி மடங்குகிறது, ஒருபக்கமாகக் கையூன்றி எழும்போது கால் உள்நோக்கித் திரும்புகிறது. மூன்று மாதங்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். அதற்குப் பிறகு மருத்துவர் ஒப்புக்கொண்டால், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டு இறங்கும் முறையை இயன்முறை சிகிச்சையாளரின் முன்னிலையில் பழகலாம். ஆனால் தினமும் தரையில் படுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டில் மெத்தையின் மேல் அவருடைய கோரைப்பாயையே நகராதபடி நாலு மூலையிலும் கட்டி விரித்துக் கொடுங்கள். முதுகுக்குப் பழகிய குளிர்ச்சி கிடைக்கும், அதற்கு எந்த மருத்துவரின் அனுமதியும் தேவையில்லை.