டிராஃப்டுக்குப் போவது மகனா, ஹெலாக் கடனா?

கேள்வி:

வணக்கம் சார். நாங்கள் டெக்சஸில் டாலஸ் அருகே இருக்கிறோம். நான் ஐடியில் வேலை செய்கிறேன். கணவர் பிசியோதெரபிஸ்ட், நைஜீரியக் குடும்பம், மகனுக்கு உயரம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இருவருக்கும் சேர்த்து வருடத்துக்கு 1.9 லட்சம் டாலர் வருமானம். மகனுக்கு 21 வயது. வெளிமாநிலத்தில் ஒரு நடுத்தரக் கல்லூரி அணிக்குக் கூடைப்பந்து ஆடுகிறான். மூன்றாம் வருடம் முடிந்தது. தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்பிஏ டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். மே கடைசிக்குள் வாபஸ் வாங்கினால் கல்லூரி ஆட்டத்துக்குத் திரும்பலாம். என்பிஏவின் ஆலோசனைக் குழு, 'இரண்டாம் சுற்று, தேர்வாகாமலும் போகலாம்' என்று எழுதியிருக்கிறது. இன்னொரு பக்கம் ஒரு பெரிய பல்கலைக்கழகம், தன் அணிக்கு வந்து ஆடினால் அடுத்த சீசனுக்கு 11 லட்சம் டாலர் தருவதாகச் சொல்கிறது. போன சீசனில் கல்லூரி ஆட்டத்தில் அவனுக்கு 2.5 லட்சம் வந்தது.

எங்களுக்குக் கடன் இருக்கிறது. அவன் பள்ளி நாட்களிலிருந்து பயிற்சியாளர், கோடைக்கால அணிகளுடன் பயணம் என்று எடுத்த ஹெலாக் (வீட்டை ஈடு வைத்து வேண்டும்போது எடுக்கும் கடன்) 1.4 லட்சம், வட்டி 8.5%. கிரெடிட் கார்டில் 22,000. இப்போது லாஸ் ஏஞ்சலஸில் டிராஃப்ட் பயிற்சிக்கு மாதம் 6,000, அதுவும் ஹெலாக்கிலிருந்துதான். மகனின் பண விஷயங்களை என் அண்ணன் பார்த்துக்கொள்கிறார். அவன் பெயரில் எல்எல்சி என்ற சிறு நிறுவனம் தொடங்கி, வருவதில் 15% எடுத்துக்கொள்கிறார். "டிராஃப்டுக்குப் போகட்டும், ஒரே வருடத்தில் கடன் தீர்ந்துவிடும்" என்கிறார். மகனின் விளையாட்டு வருமானத்தில் 10 வருடத்துக்கு 10% கொடுத்தால் இப்போதே 1.5 லட்சம் தருகிற ஒரு முதலீட்டு நிறுவனத்தையும், வருடம் 40,000 கட்டும் ஒரு ஐயுஎல் (பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு) பாலிசியையும் கொண்டுவந்திருக்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்:

கூடைப்பந்து உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஆட்டத்தின் நுணுக்கங்களை விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் வட்டி விகிதம் இருக்கிறது, பாலிசியின் தவணை இருக்கிறது, அண்ணன் சொன்னது இருக்கிறது. மகன் என்ன நினைக்கிறான் என்று ஒரு வரி கூட இல்லை. அவன் எப்போது தொழில்முறை ஆட்டத்துக்குப் போக வேண்டும் என்பதை இப்போது முடிவு செய்துகொண்டிருப்பது உங்கள் கடன்தான்.

அந்தக் கடனை முதலில் பார்ப்போம். ஹெலாக் 1.4 லட்சத்துக்கு 8.5% என்றால் வருட வட்டி ஏறக்குறைய 12,000. கார்டு 22,000க்கு 24% என்று வைத்தால் இன்னொரு 5,300. ஆக வருடம் 17,000 சொச்சம், மாதம் 1,450 டாலர். 1.9 லட்சம் சம்பாதிக்கும் வீட்டுக்கு இது வலிக்கும், ஆனால் மூழ்கடிக்காது. மகன் ஒரு டாலர் தராவிட்டாலும் உங்கள் இருவர் சம்பளத்தில் நான்கைந்து வருடத்தில் பெரும்பகுதியை அடைத்துவிடலாம்.

அப்படியானால் ஏன் தூக்கம் வரவில்லை? கடன் நிற்காமல் வளர்கிறது, அதுதான் காரணம். மாதம் 6,000 என்றால் மூன்று மாதத்தில் 18,000. ஒரு வருட வட்டிக்குச் சமமான தொகையை ஒரே கோடையில் சேர்க்கிறீர்கள். அவனுக்கு 2.5 லட்சம் வந்த வருடத்திலும் பயிற்சிச் செலவு உங்கள் வீட்டின் மேல்தான் ஏறியிருக்கிறது. 'பிள்ளை பணத்தைத் தொடக் கூடாது' என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் அவன் பணத்தைத் தொடாமல், அவனுடைய வராத சம்பளத்தை நம்பி வீட்டை அடகு வைப்பது எந்த விதத்தில் மேல்? அதுவும் இதுவும் அவன் தலையில்தான் வந்து விடிகிறது. அவனுக்கும் இந்தக் கடன் தெரியும், சொல்லாவிட்டாலும் தெரியும். இருபத்தொரு வயதுப் பையன் அம்மா வீட்டைக் காப்பாற்ற டிராஃப்டில் நிற்பான்.

இன்னொன்று. டிராஃப்டில் நிச்சயம் தேறுவான் என்று ஏஜென்ட்டுகள் நினைக்கும் பையனுக்குப் பயிற்சிச் செலவைப் பெரும்பாலும் ஏஜென்ட்டே ஏற்றுக்கொள்வார். உங்கள் மகனுக்கு அது நடக்கவில்லை. சந்தை தன் கருத்தைச் சொல்லிவிட்டது, கொஞ்சம் கேளுங்கள்.

கடிதத்தில் இல்லாத ஒரு விஷயம் இதைவிடப் பெரியது. வந்த 2.5 லட்சத்துக்கு வரி கட்டியாயிற்றா? அந்தப் பணத்தில் யாரும் வரி பிடிப்பதில்லை, முழுதாக வந்து கணக்கில் விழும். சுயதொழில் வரியும் சேர்த்து மத்திய அரசுக்கு மட்டும் சுமார் 75,000 வரும், செலவுகளைக் கழித்தால் கொஞ்சம் இறங்கும். அவன் ஆடும் மாநிலத்தில் வருமான வரி இருந்தால் அது தனி. டெக்சஸில் வீடு இருப்பதால் தப்பித்தோம் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே சம்பாதித்ததற்கு அங்கே கட்ட வேண்டும். பணம் உங்கள் அண்ணனின் நிர்வாகத்தில் இருக்கும் எல்எல்சிக்குள் இருக்கிறது. இந்த வாரமே அதன் வங்கிக் கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 17,000 வட்டியை நினைத்து விழித்திருக்கும் வீட்டில் 75,000 வரியைப் பற்றி யாரும் பேசாமல் இருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

சரி, டிராஃப்ட் கணக்குக்கு வருவோம். முதல் சுற்றின் கடைசி ஆள், அதாவது 30-வது இடம், 2025-26ல் வாங்கியது சுமார் 27 லட்சம் டாலர். முதல் சுற்றில் போனால் இரண்டு வருடச் சம்பளம் உத்தரவாதம். 31-வது இடத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, பேரம்தான். உங்கள் மகனுக்கு நல்லது நடந்தால் டூ-வே கிடைக்கும், அதாவது என்பிஏ அணிக்கும் ஜி லீக் என்ற அதன் கீழ்நிலை லீக்குக்கும் சேர்த்து ஆடும் ஒப்பந்தம்: 2025-26ல் 6,36,435 டாலர், புதுமுகக் குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதி. வரி, ஏஜென்ட் போகக் கையில் நிற்பது சுமார் 4 லட்சம். பார்க்க நல்ல தொகைதான். ஆனால் ஒரு அணிக்கு மூன்று இடம், முப்பது அணிக்கு 90 இடம், அதில் பழைய ஆட்களும் போட்டி போடுகிறார்கள். பாதி சீசனில் வெளியே அனுப்பினால் முழுச் சம்பளமும் வராது. அதுவும் கிடைக்காமல் ஜி லீக் மட்டும் என்றால் சீசனுக்கு 45,000 டாலருக்கு அக்கம்பக்கம். உங்கள் ஹெலாக்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இப்போது அந்த 11 லட்சம். இதையும் அப்படியே நம்பாதீர்கள். 2025 ஜூனில், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, பல்கலைக்கழகமே வீரருக்கு நேரடியாகப் பணம் தரலாம்; முதல் வருடத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். அதற்கு வெளியே விளம்பரதாரரிடமிருந்து வரும் 600 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் ஒவ்வொன்றும் 'என்ஐஎல் கோ' என்ற சரிபார்ப்பைத் தாண்ட வேண்டும். ஆகவே பயிற்சியாளர் போனில் சொல்லும் 11 லட்சத்தில் பல்கலைக்கழகம் எழுத்தில் தருவது எவ்வளவு, 'வந்துவிடும்' என்று சொல்வது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பல்கலைக்கழகம் 6 லட்சம் எழுதித் தருகிறது என்று வையுங்கள். வரி, ஏஜென்ட் போக 3.5 லட்சம் சொச்சம் நிற்கும். முழு 11 லட்சமும் வந்தால் 5.5 லட்சத்தைத் தாண்டும். நடுவில் அணியை விட்டுப் போனால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

ஆக, நல்ல டூ-வேயும் மோசமான கல்லூரி ஒப்பந்தமும் கிட்டத்தட்ட ஒரே தொகை. ஒன்று எழுத்தில் இருக்கும், இன்னொன்று ஜூன் கடைசியில் டிராஃப்டில் யாரோ அழைத்தால்தான் உண்டு. இந்தக் கணக்கு உங்களுக்கு மட்டும் புரிந்ததல்ல. 2021ல் 353 பேர் முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார்கள். 2025ல் 106 பேர்தான். கோவிட் காலத்தில் கல்லூரியில் ஆடக் கொடுத்த கூடுதல் வருடம் பழைய எண்ணிக்கையைக் கொஞ்சம் ஊதிக் காட்டியது உண்மை. இருந்தாலும் மீதிக் காரணம் கல்லூரிப் பணம்தான்.

ஆனால் 'ஒரு வருடம் திரும்பிப் போனால் அடுத்த வருடம் முதல் சுற்று' என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். பர்டூ பல்கலைக்கழகத்தின் சாக் ஈடி 2023ல் பெயரை வாபஸ் வாங்கித் திரும்பினார், 2024ல் ஒன்பதாவது ஆளாக மெம்ஃபிஸ் அணிக்குப் போனார். கென்டக்கியின் ஆஸ்கர் ஷிப்வே 2022ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் என்ற விருதையே வாங்கிவிட்டுத் திரும்பினார், 2023 டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. அணிகளுக்கு வயது ஒரு கணக்கு. 22 முடிந்த பையனைவிட 19 வயதுப் பையனை அவர்கள் பொறுமையாகப் பார்ப்பார்கள். திரும்புவதாக இருந்தால் கையில் எழுதித் தரும் பணத்துக்காகவும் பட்டத்துக்காகவும் திரும்பட்டும். அடிபடும் ஆபத்துக்கு, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் ஊனக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது, அது டிராஃப்டில் முன்வரிசையில் இருப்பவர்களுக்கானது. உங்கள் மகனுக்குப் பொருந்துமா என்று கல்லூரியிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, அந்த முதலீட்டு நிறுவனம். 'இது கடன் இல்லை, தோற்றால் திருப்பித் தர வேண்டாம்' என்பார்கள். நல்ல ஒப்பந்தமாக இருந்தால் அது உண்மையாகவும் இருக்கலாம். ஜெயித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பத்து வருடத்தில் மகன் மொத்தம் 30 லட்சம் டாலர் சம்பாதித்தால், அதுவே என்பிஏ அளவில் மிகச் சாதாரணம், 1.5 லட்சத்துக்கு 3 லட்சம் தருகிறீர்கள். ஒரு கோடி என்றால் 10 லட்சம். அந்த 10% வரிக்கு முந்தைய தொகையில் போகும், மீதியிலிருந்துதான் அவன் வரி கட்ட வேண்டும். அமெரிக்க ஃபுட்பால் வீரர் ஜெர்வான் டெக்ஸ்டர் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இப்படி 4,36,485 டாலர் வாங்கிக்கொண்டு, 25 வருடத்துக்கு என்எஃப்எல் (தொழில்முறை ஃபுட்பால் லீக்) வருமானத்தில் 15% தருவதாகக் கையெழுத்துப் போட்டார். 2023ல் அதிலிருந்து விடுபட நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: தொழில்முறைச் சம்பளத்தை ஈடாகக் காட்டிப் பணம் வாங்கினால் கல்லூரிக்குத் திரும்பும் கதவே அடைபடலாம். கல்லூரியில் விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் எழுத்தில் கேட்காமல் ஒரு காகிதத்திலும் மகன் பேனாவை வைக்கக் கூடாது.

உங்கள் வட்டிப் பிரச்சினை வருடம் 17,000. அதற்காகப் பத்து வருடச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை எழுதிக் கொடுப்பதை நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

ஐயுஎல் பற்றி இங்கே பலமுறை எழுதிவிட்டேன், அலுத்தும்விட்டது. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே இரண்டு பேர் விற்க வருகிறார்கள். கல்யாணம் ஆகாத, தன்னை நம்பி யாரும் இல்லாத, அடுத்த வருடம் சம்பளம் உண்டா என்றே தெரியாத 21 வயதுப் பையனுக்கு வருடம் 40,000 டாலர் ஆயுள் காப்பீடு எதற்கு? இரண்டாம் வருடம் கட்ட முடியாமல் நிறுத்தினால் சரண்டர் கட்டணம் போகக் கிடைப்பது சொற்பம். கமிஷன் யாருக்குப் போகிறது என்று அண்ணனிடம் நேராகவே கேளுங்கள்.

அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தங்கை மகன் மேல் பாசம் இருக்கும். ஆனால் என்பிஏ ஒப்பந்தத்தில் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட்டே 4%க்கு மேல் எடுக்க முடியாது. 15% எந்தக் கணக்கு? தாய்மாமன் உரிமை காதுகுத்தோடு முடிந்தது. போன சீசனில் 2.5 லட்சத்தில் 37,500 டாலர் போயிருக்கிறது, உங்கள் கார்டுக் கடன் முழுதும் அதில் அடங்கும். எல்எல்சியில் கையெழுத்து அதிகாரம் மகனுக்கு மாற வேண்டும். கணக்குகளை மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஒரு சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) பார்க்கட்டும். இதை நீங்கள் சொன்னால் குடும்பத்தில் கசப்பு வரும் என்றால், 'சிபிஏ சொல்லிவிட்டார்' என்று சொல்லுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் அவருக்குக் கட்டணம்.

வங்கியைக் கூப்பிட்டு ஹெலாக்கில் மேற்கொண்டு பணம் எடுக்க முடியாதபடி முடக்கச் சொல்லுங்கள். மகன் லாஸ் ஏஞ்சலஸில் தங்க விரும்பினால் அவன் பணத்தில் தங்கட்டும், அவன் பெரியவன். கார்டை முதலில் அடையுங்கள், மாதம் 2,500 ஒதுக்கினால் பத்து மாத வேலை. அப்புறம் மகனை உட்காரவைத்து ஒன்று சொல்லுங்கள்: வீட்டுக் கடன் எங்களுடையது, அதில் உனக்குப் பங்கில்லை. அதைச் சொன்ன பிறகு அவன் டிராஃப்டிலேயே நிற்கிறேன் என்றாலும் நிற்கட்டும், எனக்கு மறுப்பில்லை. எது முடிவானாலும் இந்த வருடம் வந்த பணத்துக்கு ஜூன் 15ஆம் தேதி காலாண்டு வரி கட்ட வேண்டும். ஏப்ரலில் கட்டாமல் விட்டது இருந்தால் அதையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள், அபராதம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கிறது.